ஐந்தாவது வலை

எங்கள் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் வார இறுதிக் கூட்டத்துக்கு இந்த முறை மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். அவளுக்குப் பறவை என்றாலே ஆகாது. ஏரிக்கரை விடுதியில் இரண்டு நாள் சமைக்க வேண்டாமே என்று வந்தாள்.

நான் தையல்காரன். ஊசி பிடித்த விரல் என்பதால் வலைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். விடியற்காலையில் புதர்களுக்கு நடுவே மெல்லிய வலைகளை விரிப்போம். விழும் பறவையை நோகாமல் எடுத்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விடுவோம். வெயில் ஏறுவதற்குள் வலைகளைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். மறந்தால், சிக்கிய பறவை அங்கேயே வதங்கிச் செத்துப்போகும். முந்தின நாளே மனைவியிடம் இதையெல்லாம் விளக்கி, கறாராகவும் சொல்லியிருந்தேன்.

"பழக்கமில்லாதவங்க வலையில கையே வைக்கக் கூடாது."

"ஆமா, உங்க வலையைத் தொட்டுத்தான் எனக்கு விடியப்போகுதாக்கும்" என்றாள்.

ஒன்பது மணிக்குச் செயலாளர் பேச எழுந்தார். எல்லோரையும் கைபேசியை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். திறந்தால் இலேசில் மூட மாட்டார். இரண்டு மணி நேரம் ஆனதும் எனக்குக் கண் சொருகியது. முகம் துடைக்கலாம் என்று கைக்குட்டைக்காகப் பையில் கையை விட்டேன். வலை கட்டும் நாடா ஒன்று வந்தது. ஐந்து வலைக்கு ஐந்து நாடா கொண்டுபோயிருந்தேன். அப்படியானால் ஒரு வலை கட்டாமல் கிடக்கிறது. நாலாவதைக் கட்டி முடித்தபோது யாரோ தேநீருக்குக் கூப்பிட, அப்படியே போய்விட்டேன்.

வரிசையில் இருந்தவர்களின் கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஒரு பறவை செத்திருந்தாலும் இனி என்னை வலைப்பக்கம் விட மாட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் கழுத்து மடங்கித் தொங்கும் குருவியை நான் எந்தக் கையால் எடுப்பேன்?

ஐந்தாவது வலை விரிந்தபடியே இருந்தது. அதற்கு முன்னால் என் மனைவி, குடையைப் படக் படக்கென்று விரித்து மடக்கி, "போ! அந்தப் பக்கம் போய்த் தொலை!" என்று கத்திக்கொண்டிருந்தாள். வலையில் ஓர் இறகுகூட இல்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"ஒன்றரை மணி நேரமா. சும்மா நடக்க வந்தேன், வலை விரிஞ்சு கிடந்தது. தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? போனை அணைச்சு வச்சிட்டீங்க. இங்கிருந்து கத்தினா யார் காதுல விழும்? வந்து சொல்லலாம்னா, நான் நகர்ந்த நேரம் பார்த்து ஏதாவது வந்து விழுந்துட்டா?"

அவள் முகம் வெயிலில் கன்றியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வலையைச் சுருட்டிக் கட்டினேன்.

கட்டி முடித்த சற்று நேரத்தில், பேச்சை முடித்துக்கொண்டு செயலாளர் தொலைநோக்கியும் கூட்டமுமாக வந்து சேர்ந்தார். புதர் புதராகத் தேடினார்.

"காலையில இங்க அவ்வளவு பறவை இருந்ததே! யாரு விரட்டினது?"

"நான்தான் சார்" என்று அவள் முந்திக்கொண்டாள். "பொழுது போகல."

சங்கமே அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம். அதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல சார். இந்த வலையைக் கட்ட மறந்தது நான். ஒண்ணுகூட விழாம வெயில்ல நின்னு காப்பாத்தினது இவ."

செயலாளர் கையை நீட்டினார். பையில் மிச்சமிருந்த வளையங்களைக் கொடுத்தேன்.

"ஒரு வருஷத்துக்கு நீங்க வலையைத் தொட வேண்டாம்."

"சரி சார்" என்றேன். மனசு பஞ்சாக இருந்தது.

அவர்கள் நகர்ந்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான்தான் சமாளிச்சேனே! எதுக்குச் சொன்னீங்க?"

"பின்ன, நீ நின்னது யாருக்குத் தெரியும்?"