குடைக்காரம்மா நின்ற இடம்

“பாத்தியா, மறுபடியும் மொளைச்சுட்டாரு” என்று சொல்லிக்கொண்டே மாமா பிரேக்கை மிதித்தார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் பெடல் கிறீச்சென்று பின்னால் நகர்ந்து சுவரில் முட்டியது. திரையில் பேருந்து குலுங்கி நின்றது. முகப்புக் கண்ணாடியை உரசுகிற தூரத்தில், கையில் கருவிப் பெட்டியுடன் ஒரு மெக்கானிக், தான் நூலிழையில் தப்பியது தெரியாமல் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

“எங்கேருந்து குதிச்சாரு இவரு? திரும்புறப்ப ஸ்டாப் காலியாத்தான இருந்துச்சு. உன் ஊர்ல ஆளுங்க எல்லாம் இப்படித்தான் மண்ணுலேருந்து கெளம்பி வராங்க, டாக்டரம்மா.”

விளையாட்டின் கோளாறுகளைப் பார்க்கிறவள் என்பதால் மாமா ‘டாக்டரம்மா’ என்று கூப்பிடுகிற சின்னவள், பக்கத்து நாற்காலியில் இருந்து தலையாட்டினாள். அவள் அந்த மெக்கானிக்கைப் பார்க்கவே இல்லை. திரையின் மேல் மூலையில் ஓடும் பச்சை எண்ணின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். நொடிக்கு எத்தனை படங்களை அந்தக் கணினி வரைந்து தள்ளுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. இறங்கினால் பேருந்து திக்கும், விக்கும். இப்போதோ அது இறங்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

மாமா என்பவர் அவளுடைய அக்காவின் வீட்டுக்காரர். நிஜத்திலும் அவர் பேருந்து ஓட்டுநர்தான். வாரம் முழுக்க நிஜப் பேருந்தை ஓட்டிவிட்டு, விடுமுறை நாளில் மேஜை விளிம்பில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகி மாட்டிக்கொண்டு பொய்ப் பேருந்து ஓட்டுவார். சாப்பாட்டு மேஜை பேருந்தாகிவிட்டதால் அன்றைக்கெல்லாம் அக்கா தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும். “ஊர்ல ஒவ்வொருத்தர் லீவுன்னா தூங்குவாங்க. இவருக்கு லீவன்னிக்குத்தான் ஓவர்டைம்” என்பாள். மாமா அசைந்து கொடுக்க மாட்டார். “இங்க எவனும் படியில தொங்க மாட்டான், சில்லறை இல்லன்னு சண்டை போட மாட்டான். ஓட்டுறது மட்டும்தான். அந்த சொகம் உனக்குத் தெரியாது” என்பார்.

வாங்கி வந்தபோது அந்த விளையாட்டு சாதுவாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மாட் என்று ஒன்று இருப்பது மாமாவுக்குத் தெரிந்துபோயிற்று. விளையாட்டைத் தயாரித்தவர்கள் தராததையெல்லாம் ஆடுகிறவர்களே செய்து இணையத்தில் போட்டுவைப்பார்கள். இறக்கி ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியதுதான். “மாடெல்லாம் கட்ட இந்த வீட்டுல எடம் கெடயாது” என்றாள் அக்கா. மாமா கொட்டில் நிறையக் கட்டினார். மழைக்கு ஒன்று, மழை நின்ற பிறகு சாலை மினுங்க ஒன்று, எஞ்சின் உறுமலுக்கு ஒன்று, இலை இலையாக அசையும் மரங்களுக்கு ஒன்று. கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டினார். அத்தனைக்கும் நடுவில் சின்னவளே செய்துகொடுத்தது ஒன்று இருந்தது. அது மாமா தினமும் ஓட்டுகிற அதே வழித்தடம்.

சின்னவளுக்குத் தொழில் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்வது. குடும்பப் படத்தில் யாராவது கண்ணை மூடிவிட்டால், இன்னொரு படத்திலிருந்து அவருடைய கண்ணையே எடுத்துவந்து பொருத்தித் திறந்து வைப்பாள். வெட்டு விழுகிற ஓரத்தில் ஒரு பெரியப்பா நின்றுவிட்டால் அலுங்காமல் அவரை உள்ளே இழுத்துப்போடுவாள். ஸ்டுடியோவில் வேலை குறைவாக இருந்த ஒரு பருவத்தில், அக்கா வீட்டில் இருந்துகொண்டு, மாமாவின் பேருந்திலேயே போய் வந்து படமெடுத்து, வழித்தடம் முழுவதையும் கட்டி எழுப்பினாள். நிறுத்தங்களில் தினமும் நிற்கிற முகங்களைக்கூட நிறுத்திவைத்தாள். மெக்கானிக், இரண்டு மாணவிகள், ஒரு செவிலி, தையல்கடைத் திருப்பத்தில் குடை பிடித்த ஓர் அம்மா. அந்தக் குடையை மடக்கச் சொல்லிக்கொடுக்க மட்டும் சின்னவளுக்கு வரவில்லை. குடைக்காரம்மா ஏறினால் குடையும் விரிந்தபடியே ஏறும். பேருந்தின் கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே நிற்கும். முதல் நாள் அதைப் பார்த்து மாமா சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். “இதை மட்டும் சரி பண்ணிடாத” என்று அவர் கேட்டுக்கொண்டார். சின்னவளுக்கு அப்பா இல்லை. தன்னைப் படிக்க வைத்த மனிதருக்குத் தன் கையால் ஒன்று செய்துகொடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கோளாறுகள் பிறகுதான் தொடங்கின. பேருந்து திக்கியது. சாலையில் கரிக்கட்டை போலக் கறுப்புத் திட்டுகள் விழுந்தன. சின்னவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கினாள். இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒட்டியவற்றில் பாதியைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு போய்விட்டால் அது தூக்கிய பாதியில் இருக்கிறது. போகாவிட்டால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியில் மறுபடி பாதி. இப்படியே குறைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் கள்ளன் ஒருவன் தனியாக மாட்டுவான். திக்கலுக்குக் காரணம் அந்த மரங்கள். கறுப்புத் திட்டுக்குக் காரணம், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு மழைகள். “பாதி பாதியா எடுத்தா எந்தக் கோளாறும் ஒளிய முடியாது மாமா” என்று அவள் பெருமையோடு சொன்னாள். மாமா அதை டிப்போவில் போய் மெக்கானிக்குகளுக்கு உபதேசம் செய்துவிட்டு வந்தார்.

மிஞ்சியது இந்த ஒன்றுதான், ஆட்கள் திடீரென்று முளைப்பது. அதுவும் இடது பக்கம் திரும்புகிற இடங்களில். தூரத்தில் இருப்பதைக் கணினி வரையாமல் விட்டுவிட்டு, கிட்டே வந்ததும் சட்டென்று வரைவது இந்த விளையாட்டுகளில் சகஜம். ஆனால் ஆட்கள் அவள் செய்த ஆட்கள். அடுத்தவன் மரத்தைத் தூக்கி எறியலாம், சொந்தப் பிள்ளையைக் குறை சொல்வது எப்படி. எவ்வளவு தூரத்திலிருந்து வரைய வேண்டும் என்பதைக் கூட்டினாள். தன் அறையில், தன் கணினியில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அங்கே எல்லோரும் குத்துக்கல் மாதிரி அவரவர் இடத்தில் நின்றார்கள். மாமா வீட்டில் மட்டும் முளைத்தார்கள்.

கடைசியில் அவள் ஸ்டுடியோ புத்திக்குப் போனாள். ஓரத்தில் நிற்பதுதானே தொந்தரவு? எல்லோரையும் ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தாள். திருப்பங்களில் நிற்கிறவர்களை நடைபாதையிலிருந்து இறக்கி, கண்ணாடியின் நடுவில் வருகிற மாதிரி சாலையில் கொண்டுவந்து நிறுத்தினாள். காரணம் தெரியாமல் பூசி மெழுகுகிற வேலை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் மாமாவுக்கு நிம்மதியாக ஓட்டக் கிடைக்குமே என்று செய்தாள்.

அடுத்த விடுமுறை நாள் பிற்பகலில் மாமா ஓட்டிப் பார்த்தார். முதல் திருப்பம் தாண்டியது, இரண்டாவது தாண்டியது. யாரும் முளைக்கவில்லை. மெக்கானிக் நடுச்சாலையில் நின்று கை காட்ட, மாமா மெத்தென்று கொண்டுபோய் நிறுத்தினார்.

“சும்மா சொல்லக்கூடாது, உனக்கு ராசியான கை. என்ன பண்ணின?”

“கொஞ்சம் தள்ளி நிக்க வச்சேன்.”

“அதான பார்த்தேன். ஆளுங்க நின்ன எடத்துலதான் கோளாறு” என்று சொல்லி அவர் கியர் மாற்றினார். சரி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லாததால், அன்றைக்குத்தான் சின்னவள் முதல் தடவையாகப் பச்சை எண்ணை விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்தாள். தையல்கடைத் திருப்பம் வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. குடைக்காரம்மாவைக் குடைக்காகத் தனியே செய்திருந்தாள். எல்லோரையும் நகர்த்தியபோது அந்த அம்மாவை விட்டுவிட்டாள். திரையின் இடது பக்கம், பழைய நடைபாதையிலேயே, சிவப்புக் குடையோடு அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“ஸ்டாப்ல யாருமில்ல, போலாம்” என்றார் மாமா. பேருந்து திரும்பியது. பக்கக் கண்ணாடி குடையை ஊடுருவிக்கொண்டு போனது.

சின்னவள் திரையை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கவனமாக, சாந்தமாக, நேர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம். கொஞ்ச நாளாகவே வீட்டில் அவர் இடது கைப்பக்கம் வைக்கிற டம்ளரெல்லாம் கீழே விழுகிறது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். “யானை வருது, வழி விடுங்க” என்று அக்கா கிண்டல் செய்வாள். போன மாதம் பேருந்தின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து மாற்றினார்கள். டிப்போவில் மட்டமான கண்ணாடி போடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாவற்றுக்கும் அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

“மாமா, நிறுத்துங்க. திருப்பத்துக்கு முன்னாடி ஒரு தடவை போலாம்.”

அவளே பொத்தானைத் தட்டிப் பேருந்தைத் திருப்பத்தின் வாயிலில் கொண்டுவந்து வைத்தாள். குடை இடது பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது.

“நேராவே பாருங்க. தலையத் திருப்பாதீங்க. ஸ்டாப்ல யாராவது தெரியுறாங்களா?”

“யாருமில்லம்மா. காலி.”

அவள் எழுந்து போய்க் குடையின் மேல் விரலை வைத்தாள். “என் வெரல் தெரியுதா?”

“எங்க?” என்று கேட்டபடி அவர் திரும்பினார். “ஓ, குடைக்காரம்மா. இப்பத்தான் வந்தாங்க.”

“இல்ல மாமா. அவங்க அங்கயேதான் நிக்கிறாங்க. மொதல்லேருந்து.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். மறுபடி நேராகப் பார்த்தார், மறுபடி இடது பக்கம் திரும்பினார். கண்ணாடி அலமாரியில் அவருடைய கேடயம் இருந்தது. விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக டிப்போவில் கொடுத்தது. “நான் இத்தன வருஷத்துல ஒரு ஆள் மேல கீறல் போட்டதில்ல” என்றார். யாரோ அவரைக் குற்றம் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது குரல்.

“தெரியும் மாமா.”

“வயசாவுது. கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்.”

“சரியாப் போனாலும் போகும். டாக்டர்தான் சொல்லணும். ஆனா நாளைக்குக் காலையில நீங்க ஓட்டக்கூடாது. எனக்குப் பயமா இருக்கு.” மாணவிகள் நிஜமாகவே அந்தத் திருப்பத்தில்தான் நிற்பார்கள். அவர்களை அவள் படமெடுத்திருக்கிறாள். நிஜச் சாலையில் யாரை உள்ளே இழுத்துப்போடுவது?

மாமா ஸ்டியரிங்கையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “பாதி பாதியா எடுத்துப் பாக்கணும்னு நீதான சொன்ன” என்று வலது கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். நேராகப் பார்த்தார். கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினார். அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“எந்தக் கண்ணப் பொத்தினாலும் குடை தெரியல. ரெண்டு பாதியிலயும் இல்ல” என்றார் மாமா.

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் தேநீர் டம்ளர் இருந்தது. எப்போதும் வைக்கிற பழக்கத்தில் மேஜையின் இடது ஓரத்தில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. பிறகு அதைத் திரும்ப எடுத்து, சுற்றிக்கொண்டு வந்து, அவருடைய வலது கைப்பக்கம் வைத்தாள். இந்த ஒரு தடவை யானை என்று யாரையும் சொல்லவில்லை.

“என் போனை எடு. காலையில வேற ஆளப் போடச் சொல்லணும்” என்றார் மாமா. சின்னவள் எடுத்துக்கொடுத்தாள். எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பேருந்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். தலையை நன்றாக இடது பக்கம் திருப்பி, குடையைப் பார்த்துப் பார்த்து, நடைபாதையை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். கதவைத் திறந்தார்.

“சொல்லுங்க டிரைவரே” என்று டிப்போவிலிருந்து ஒரு குரல் கேட்டது. “காலையில முதல் டிரிப் உங்களுதுதான? என்ன விஷயம்?”

குடைக்காரம்மா அவசரமே இல்லாமல் படியேறினார். பயணிகளைப் பார்க்கும் நடுக் கண்ணாடியில், கூரையைப் பொத்துக்கொண்டு சிவப்புக் குடை மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வந்தது. “ஹலோ, டிரைவரே, இருக்கீங்களா?” என்றது குரல். ஒரு கையில் போனோடும் ஒரு கையில் கதவுப் பொத்தானோடும், அந்த அம்மா இருக்கையில் உட்காரும் வரை மாமா காத்திருந்தார்.