காணோம் என்று தொடங்கும் மைக்

"மனித குலத்துக்குக் கவிதையால் இதுவரை கிடைத்த ஒரே நன்மை, நாற்காலி வியாபாரம் செழித்ததுதான்."

கல்லூரி இதழுக்கு 'நக்கல்' என்கிற மாணவன் எழுதத் தொடங்கிய கட்டுரையின் முதல் வரி இது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது. மற்ற எல்லாருக்கும் அவன் நக்கல்தான். தெருமுனைக் காபிக் கடையின் வரலாற்றை எழுதி, வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே நடக்கும் கவிதை வாசிப்பின் மானத்தைக் கப்பலேற்றுவது திட்டம்.

போன இதழில் கப்பலேறியவன் அவன் நண்பன் ஒட்டடை. ஆள் நல்ல உயரம், சதை பேருக்குத்தான். அவன் இங்கே வாசித்த கவிதையை நக்கல் கிழித்துத் தொங்கவிட்டிருந்தான். மூன்று வாரமாகப் பேச்சில்லை. நாளைக் காலை மேற்படிப்புக்காக ஒட்டடை ஊரை விட்டே போகிறான். இந்த வெள்ளிக்கிழமையும் கடை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்திருந்தான். கட்டுரைக்காகத்தான் வந்தோம் என்று நக்கல் தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான்.

"எழுதிக்கோ தம்பி," என்றார் கடைக்கார அக்கா, பாலைக் கண்ணால் காவல் காத்தபடி. "காபி ரெடின்னு கூப்பிடத்தான் அந்த மைக்கை வாங்கினேன். ஒரு நாள் பஸ் ஓட்டறவர் ஒருத்தர், குடையைக் காணோம், சொல்லிக்கறேன்னு கேட்டார். கறுப்புக் குடைன்னு சொல்லிட்டு எறங்கியிருக்கலாம். மனுஷன், 'காணோம். கைப்பிடியில பல் தடம் இருக்கும். எம் பொண்ணுக்கு மொதப் பல் மொளைச்சப்போ கடிச்சது. இப்ப போன் பண்ணினா ஒரு நிமிஷந்தான் பேசறா'ன்னார். கடையில ஒரு ஸ்பூன் அசையல."

"குடை கிடைச்சுதா?"

"எங்க! அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நர்ஸம்மா வந்து, அம்மாவோட குரலைக் காணோம்னாங்க. பதினெட்டு வருஷமாச்சு, இன்னும் யாரும் நிறுத்தல."

அன்றிலிருந்து யார் மைக்கைப் பிடித்தாலும் முதல் வார்த்தை 'காணோம்'தான். 'இது காபி தரும் காவல் நிலையம்' என்று குறித்துக்கொண்டான் நக்கல்.

அப்போது ஒரு லாரி மெக்கானிக், ஏழாம் வகுப்போடு விட்டுவிட்டு வந்த தன் கையெழுத்தைக் காணோம் என்று வாசிக்கத் தொடங்கினார். தாளின் ஓரமெல்லாம் கிரீஸ் ரேகை. இரண்டு வரி கேட்டுவிட்டுக் கிண்டலடிக்கலாமென்று எழுதுவதை நிறுத்திய நக்கல், அவர் முடிக்கும்வரை பேனாவை எடுக்கவேயில்லை.

"அடுத்து யாருப்பா?" என்றார் அக்கா.

யாரும் எழவில்லை. ஒட்டடை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நக்கல் எழுந்து போனான்.

"தம்பி, நீயா?"

"மைக் வேலை செய்யுதான்னு பாக்கத்தான்க்கா."

வேலை செய்தது.

"காணோம்," என்றான், தனக்கே சரியாகக் கேட்காத குரலில். "ஒரு ஆளை. மூணு வாரமா. தொலைச்சது நான்தான். ஒரு காபியை ரெண்டு பேர் குடிச்சா நுரையை எனக்கு விட்டுருவான். உயரம் அஞ்சடி பத்தங்குலம்..."

"பதினொண்ணு," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

நக்கல் நிமிரவில்லை. தாள் எதுவும் இல்லாத கையைப் பார்த்தபடியே, "பதினொண்ணு," என்று திருத்திக்கொண்டு, அடுத்த வரியைத் தேடினான்.