அக்கா சிரித்த ஞாயிற்றுக்கிழமை

“ஒனக்க அக்கா சாகணும்னு ஒங்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்காளா, மக்ளே?”

லலிதா சிஸ்டர் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இதுதான். மெட்டுகுடாவில், மனநோய்க்கான சின்னத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் மாடி வராந்தாவில் நின்று கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. டெலிபோனில் சாவுச் செய்தி வந்தால்கூட ‘தவறிட்டார்’ என்றுதான் சொல்வோம், அதையும் தாழ்ந்த குரலில்.

இல்லை என்று தலையாட்டினேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கோபம் மட்டும் நிறைய வரும். வாய்வரை வந்து அங்கேயே நின்றுவிடும்.

அக்கா ஹம்ஸினி மாதாபூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தாள். அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த வருஷம் அது. இங்கே பாதிப் பேருக்கு வேலை கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். பெஞ்ச் என்று அதற்குப் பெயர். தினம் பஸ் ஏறிப் போய், வெறும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவாள். முதலில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு சாப்பாடு. பிறகு பேச்சு. ஒரு மத்தியானம் அம்மாவின் மாத்திரைகளை விழுங்கிவிட்டாள்.

அப்பா பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் அதிகாரி. உறவுக்காரர்களிடம் “ஃபுட் பாய்சன்” என்றார். டாக்டரிடம் “மாத்திரை மாறிப்போச்சு” என்றார். எங்கள் வீடு இருந்த மாரெட்பள்ளியில் எங்களைத் தெரிந்த யாரும் எட்டிப் பார்க்காத தெரு என்பதற்காகவே இந்த ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தார். மகள் பிழைப்பாளா என்பதைவிட யார் கண்ணில் படுவோம் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. நானும் அம்மாவும் வாய் மூடி நின்றோம்.

லலிதா சிஸ்டருக்கு நாகர்கோவில். ஒல்லியாக, எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல இருப்பார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவர் வேலை முடிந்து போகும்போது அடுத்த நர்ஸ் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். துப்பட்டா கூடாது, கண்ணாடி பாட்டில் கூடாது, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது.

“இதென்ன ஜெயிலா?” என்றார் அப்பா. “பெத்தவா நாங்க இருக்கோம். நீங்க போய் மத்த பேஷண்டைப் பாருங்கோ.”

“நீங்க அசந்தா அது மனுஷ சுபாவம் சார். நான் அசந்தா அது என் தப்பு. அதனால நான்தான் இருக்கணும்.” பிறகு அக்காவிடமே திரும்பிச் சொன்னார்: “ஒன்னைத் தண்டிக்கதுக்கு இல்ல ஹம்ஸினி. ஆபத்து கொறைஞ்சா நாற்காலியும் தள்ளிப் போகும். எரிச்சல் வந்தா என்னைத் திட்டிக்க.”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மாத்திரையைப் பொடி பண்ணித் தயிர் சாதத்தில் பிசைந்துவிட்டால் அக்காவுக்குத் தெரியவே தெரியாது. சிஸ்டர் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். “வேண்டாம்மா. ஏமாத்திக் குடுத்தா நாளைக்கு நீங்க பிசையுற சோத்தையும் நம்ப மாட்டா.” மாத்திரையை உள்ளங்கையில் காட்டினார். இது எதற்கு, என்னென்ன தொந்தரவு வரலாம் என்று சொன்னார். அக்கா மாட்டேன் என்றாள். சரி, அரைமணி கழிச்சுத் தாறேன் என்றார். மறுபடியும் மாட்டேன். மறுபடியும் சரி. அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்து வாயில் போட வேண்டியதுதானே? மூன்றாவது தடவை அக்கா தானாகவே கை நீட்டினாள். அதற்கும் எனக்குக் கோபம்தான். நாங்கள் கெஞ்சியபோது ஏன் நீட்டவில்லை?

சனிக்கிழமை காலை நான் போனபோது அக்கா தலைக்குக் குளித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

“என்னடி முழிக்கறே, பேயைப் பாத்த மாதிரி? கைக்கு ரோத்தீ? ஏன்டி அழறே? நக்கோ, அழாதே.”

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினாள். கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் ஈ-சேவாவில் எந்தக் கவுண்டரில் கட்ட வேண்டும், வரிசையில் எவனாவது முந்தினால் தெலுங்கில் எப்படித் திட்ட வேண்டும், கேஸ் சிலிண்டருக்கு எப்படிப் போன் செய்வது, அம்மாவுக்கு எந்தக் கடையில் மருந்து வாங்குவது. இதெல்லாம் எப்போதும் அவள் செய்கிற வேலை. “நீ பெரியவளாயிட்டே, தெரிஞ்சுக்கோ” என்றாள். நாற்காலியில் அப்போது வேறொரு நர்ஸ். மலையாளப் பெண், தமிழ் புரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும் ஒன்றைக் கற்றுக்கொடுக்கலாம் என்று நினைக்க ஒருத்தி இருக்கிறாளே.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து அப்பாவுக்குப் போன். புது ப்ராஜெக்ட். திங்கட்கிழமை வந்தால் வேலை இருக்கிறது, வராவிட்டால் இல்லை.

ஞாயிறு காலை அப்பா வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு மேலே வந்தார். அம்மா அக்காவின் துணிகளைப் பையில் அடைத்தாள். அன்று லலிதா சிஸ்டரின் முறை. டாக்டர் வந்துகொண்டிருக்கிறார், வரும்வரை இருங்கள் என்றார்.

“எதுக்கு? கம்பெனியிலேர்ந்து போன் வந்தாச்சு, நாளைக்கு அவ வேலைக்குப் போகணும். கொழந்தை நன்னா ஆயிட்டா. சிரிக்கறா, சாப்பிடறா. நீங்களே பாக்கறேளே!”

“பாக்கேன் சார். அதான் பயமா இருக்கு. அவ சிரிக்க ஆரம்பிச்சது கம்பெனிக்காரன் போன் பண்ணதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

முன்னாடிதான். எனக்குத் தெரியும்.

“மருந்து இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது சார். முடிவு எடுத்துட்டவங்களுக்கும் ஒரு நிம்மதி வரும், கேட்டிங்களா. இது எந்த நிம்மதின்னு எனக்குத் தெரியல. நான் தப்பாவும் இருக்கலாம். தப்பா இங்க வச்சிருந்தா ஒரு வேலை போகும். தப்பா அனுப்பினா?”

“நீ ஒரு நர்ஸ்!” அப்பா கத்தினார். “ஊசி போடற வேலையோட நிறுத்திக்கோ. பெரிய சயின்டிஸ்ட் மாதிரி எனக்கு லெக்சர் கொடுக்கறியா?”

சிஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தார். “வீட்டுக்குப் போனா சாகணும்னு ஏதாவது நெனைச்சு வச்சிருக்கியா, ஹம்ஸினி?”

“சீ! வாயை அலம்பு!” என்றாள் அம்மா.

அக்கா சிரித்தாள். “நஹீ சிஸ்டர். ஐ ஆம் ஃபைன். நாளைக்கு ஆபீஸ் போகணும்.” அழகாகத்தான் சொன்னாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவள் பேசி முடித்ததும் கை நீட்டி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஊருக்குப் போகிறவர்கள் ரயிலடியில் செய்கிற மாதிரி.

அவள் கையைத் தட்டிவிட்டேன்.

“எதுக்குடி எனக்கு ஈ-சேவா சொல்லிக் கொடுத்தே?”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பக்கத்து அறையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

“சொல்லு! பில்லு கட்டறது, கேஸு, அம்மாவோட மருந்து… எல்லாத்தையும் எங்கிட்ட ஏன் தள்ளினே? நாளைக்கு நீ ஆபீஸ் போறதா இருந்தா, கடைக்குப் போய் உப்புகூடக் கேக்கத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதுக்கு? எங்கடி போகப் போறே நீ?”

“ஸ்ரேயா, வாயை மூடு” என்றார் அப்பா. “ஸ்கூலுக்குப் போகத் துப்பில்லே, இங்க வந்து…”

“நீங்க மூடுங்கோ! மாத்திரை மாறலே! ஃபுட் பாய்சன் இல்லே! அவ சாகப் பாத்தா, அப்பா! சாகப் பாத்தா!”

அம்மா கையிலிருந்த பை நழுவியது. அக்கா முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அதற்கு அடியில் அந்தப் பழைய முகம், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம், அப்படியே இருந்தது.

“நீ கஷ்டப்படக் கூடாதேன்னுதான்டி” என்றாள் மெதுவாக. “நீ எப்படிச் சமாளிப்பேன்னு அது ஒண்ணுதான் உறுத்திண்டே இருந்தது.”

சிஸ்டர் நிதானமாக, “சொன்னது ரொம்ப நல்லது, ஹம்ஸினி. இப்ப சொல்ல முடிஞ்சுதே. எப்ப, எப்படின்னு நெனைச்சே? எங்கிட்டச் சொல்லு” என்றார். அக்கா சொன்னாள். வீட்டுக்குப் போனதும் என்றாள். இன்றைக்கே என்றாள். எப்படி என்று சொன்னதை நான் எழுத மாட்டேன்.

“இங்கயே இருக்கியா?”

அக்கா சரி என்று தலையசைத்தாள். சிஸ்டர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து அக்காவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கத்துவதற்கு இன்னும் நிறைய மிச்சமிருந்தது. அப்பா ஏதாவது சொல்லட்டும், சொன்னால் மீதியையும் கத்திவிடலாம் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அப்பா என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவைத் திருப்பி அனுப்பப் படியிறங்கிப் போனார்.