மோர்ப் பானைகள்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வில்லியனூரில் உலகநாதனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பெரிய யுத்தத்துக்குப் போய் வந்தவன் என்பதால் ஊருக்கு அவன் 'சொல்தா', பிரெஞ்சில் படைவீரன். சட்டையில் ஒரு மெடல், மாதம் தவறாத பென்ஷன், ஊருக்கு மேற்கே கொஞ்சம் கரும்பு நிலம். எல்லாம் பிரான்ஸ் கொடுத்தது என்று நம்பினான். அதனால் முப்பத்தாறாம் வருஷம் ஆலைத் தொழிலாளிகள் சிவப்புக் கொடியோடு கிராமங்களுக்குள் கூட்டம் போட வந்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கு ஆலையில் எட்டு மணி நேர வேலை கேட்பவர்கள் நாளைக்குத் தன் வரப்பில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தான்.

ஊரில் பெரிய நிலக்காரர் சுப்பராயலுவும் அதையேதான் சொன்னார். அவர் நடத்திய ஒழுங்குச் சங்கத்துக்கு ஒரே வேலைதான். சிவப்புக் கொடி எங்கே ஏறினாலும் எதிரே போய் நின்று, பேசுகிறவன் குரல் கேட்காதபடி கத்துவது. திருக்கனூரிலும் பாகூரிலும் அப்படிக் கத்தியபோது பிரான்சின் மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவன் உலகநாதன்தான். அவன் "விவ் லா பிரான்ஸ்!" என்று பிரான்சுக்கு வாழ்த்து எடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் தொடர்வார்கள். அதில் அவனுக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. எதிராளிக்குக் கூட்டம் போட உரிமை இருந்தால் தனக்குக் கத்த உரிமை இருக்கிறது என்று வாதாடுவான்.

சித்திரை மாதத்துச் சந்தை நாள் ஒன்றில் வில்லியனூர்த் தேரடியில் தொழிலாளிகள் கூடினார்கள். பெண்கள்தான் அதிகம். செல்லிப்பட்டிலிருந்து நடந்து வந்து நூல் ஆலையில் வேலை செய்யும் அமிர்தம் பேசப்போவதாகச் சொன்னார்கள். ஒழுங்குச் சங்கத்தார் எதிர்ப்பக்கம் நின்றார்கள். அன்றைக்கு வழக்கமான முகங்களோடு, உலகநாதன் பார்த்திராத பத்துப் பதினைந்து பேரும் இருந்தார்கள். காலையிலேயே சாராயம் நாறியது.

"இவங்கல்லாம் யாருங்க?" என்று சுப்பராயலுவைக் கேட்டான்.

"நம்ம ஆளுங்கதான்பா. அந்த வண்டியில மோர்ப் பான இருக்குது பாரு. கூட ஒரு கை புடிச்சு எறக்கி நெழல்ல வையி. தொறந்துடாத, ஈ மொய்க்கும்."

பானைகளின் வாயை வாழையிலையால் மூடி, மேலே களிமண் பூசியிருந்தார்கள். மோருக்கு இவ்வளவு பத்திரமா என்று தோன்றியது. ஆனாலும் கேட்கவில்லை. கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு பானைகளைத் தானே மார்போடு அணைத்து இறக்கி வைத்தான்.

அமிர்தம் எழுந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மடியிலிருந்த கைக்குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி போறோம். வூடு திரும்பக்குள்ள புள்ள தூங்கிப் பூடுது. என் மொகமே அதுக்குத் தெரியல..." என்று தொடங்கினாள்.

உலகநாதன் கொடியைத் தூக்கிக் கத்த வாய் திறந்தான். அதற்குள் அந்தப் புதிய ஆட்கள் பானைகளின் மண்ணை உடைத்திருந்தார்கள். நாற்றம் முதலில் வந்தது. பிறகுதான் என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. கக்கூஸ் மலத்தைத் தண்ணீரில் கரைத்து நிரப்பியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு ஓடி, உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவில் வீசினார்கள். பானைகள் தலையிலும் தோளிலும் பட்டு உடைந்தன. பேசிக்கொண்டிருந்த அமிர்தத்தின் வாயிலேயே மலம் விழுந்தது. குழந்தையை வைத்திருந்தவள் அதன் முகத்தைத் தன் முந்தானையால் மூடிக் குனிந்துகொண்டாள். முந்தானையிலும் அதுதான் வழிந்தது.

சங்கத்தார் சிரித்தார்கள். தினமும் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்கள், எதிரே வருகிறவனின் நிழல் பட்டால் முகம் சுளிக்கிறவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காவலுக்கு நின்ற சிப்பாயும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சொல்தா! இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? சத்தம் குடு!" என்றார் சுப்பராயலு.

அவனுக்கு வாந்திதான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கினான். பானையை அணைத்த இடம், மெடலுக்குக் கீழே, ஈரமாக இருந்தது.

கொடியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான். பக்கத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து வந்து அமிர்தத்தின் முன்னால் வைத்தான். அவள் விரலால் வாயை வழித்து வழித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிம்மா."

நிமிர்ந்து பார்த்தாள். "பானைய எறக்குனது நீங்கதான? உங்க கையால வேணாம்."

அவன் நகரவில்லை. அவள் வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். சந்தையில் துணிக்கடை வைத்திருந்த கமருதீன் ஒரு குடத்தோடு ஓடி வந்தார். அவர் ஊற்ற, அவள் முதலில் குழந்தையைக் கழுவினாள்.

அன்று மத்தியானம் சுப்பராயலு வீட்டில் எல்லாருக்கும் இலை போட்டார்கள். உலகநாதன் வாசலில் நின்றான்.

"வா, வந்து உக்காரு" என்றார் சுப்பராயலு. சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாத்தம் ரெண்டு நாள்ல போயிடும்பா. பயம் போவாது. இனிமே ஒரு பொம்பள தேரடிக்கு வருவாளா பாரு" என்றார்.

"யுத்தத்துல பொணங்க நடுவுல குந்திச் சாப்ட்டிருக்கறேன். அப்பக்கூட எனக்கு இப்டிக் கொமட்டல. உங்க எலய பாத்தா கொமட்டுது" என்றான் உலகநாதன். இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் அவன் மனைவி கஸ்தூரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவனை உள்ளே விடவில்லை. "அந்தச் சட்டய வெளியவே கழட்டிப் போடுங்க" என்றாள். குளித்தான். மறுபடியும் குளித்தான். சோற்றின் முன்னால் உட்கார்ந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

மறுநாள் வேறு சட்டையில் மெடலைக் குத்திக்கொண்டு காவல் சாவடிக்குப் போனான். அமிர்தம் கொடுத்த புகாரை, பார்த்த சாட்சி இல்லை என்று ஒதுக்கியிருந்தார்கள்.

"நான் பாத்தேன். யார் கொண்டாந்தாங்க, யார் வீசுனாங்க, எல்லாம் சொல்றேன்" என்றான்.

அதிகாரி அவனுடைய மெடலைப் பார்த்துத் தயங்கினார். "பானைய எறக்குனது யாரு?"

"நான்தான். உள்ள இருந்தது இன்னான்னு தெரியாது."

"அத எழுதுனா மொதல்ல உம் பேருதான்யா வரும்."

"எழுதுங்க."

எழுதினார்கள். விசாரணையில் சுப்பராயலு அன்று ஊரிலேயே இல்லை என்று பெரிய மனிதர்கள் வந்து சொன்னார்கள். புதிய ஆட்கள் யாரென்றே எவருக்கும் தெரியவில்லை. பானையில் கை வைத்ததாகத் தானே ஒப்புக்கொண்டவன் அவன் ஒருவன்தான். பொது இடத்தை அசுத்தம் செய்ததற்காக அவனுக்கு மட்டும் ஒரு வாரம் காவல் விதித்தார்கள்.

உள்ளே இருந்தபோது தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் பார்க்க வந்தார். வெளியே வந்ததும் தங்கள் மேடையில் பேச வேண்டும் என்று கேட்டார்.

"உங்க கொடி எனக்கு ஆவாது. இப்பவும் ஆவாது. அதுக்காவ இதப் பண்ணல" என்று உலகநாதன் அனுப்பிவிட்டான்.

விடுதலையான அன்று காலை அவன் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஆலைக்குப் போகும் பெண்கள் எதிரே வந்தார்கள். அமிர்தம் அவனைக் கண்டு நின்றாள்.

"உங்கள மட்டுந்தான் உள்ள போட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அந்த ஆளு?"

"வூட்டுல இருக்கறாரு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று நினைத்தவள்போல், பாதையோரம் திரும்பிக் காறித் துப்பினாள். அது யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. பெண்கள் நடையை வேகமாக்கினார்கள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.