நாற்பத்தொன்றாம் எண் சீட்டு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கே தேவாலயக் கூடத்தின் ஜன்னல்கள் எண்ணெய் ஆவியில் மங்கிவிட்டன. வெள்ளிதோறும் யாரும் இறைச்சி தொடாத தவக்காலம் முழுக்க இப்படித்தான். ஊரில் பாதிப் பேர் இங்கே மீன் வறுவல் சாப்பிட வருவார்கள். எண் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு மேசையில் போய் உட்காருவார்கள். தட்டு தயாரானதும் நான் மைக்கில் எண்ணைக் கூப்பிடுவேன். பொட்டலம் வாங்கிப் போகிறவர்கள் காரிலேயே காத்திருப்பதால் சமையலறைக் கதவுக்கு வெளியேயும் ஓர் ஒலிபெருக்கி தொங்குகிறது. என் குரல் ஏரியில் இருக்கும் மீன்களுக்கும் கேட்கும் என்று காஸ் கிண்டல் செய்வான்.

காஸ் கசாப்புக் கடைக்காரன். தவக்கால வெள்ளியில் கடையில் ஈ ஓட்டத்தான் வேண்டும். அதனால் மதியமே வந்து என் மைக்குக்குப் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொள்வான். அவனுக்கு எதிரே வெரா டீச்சர். முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது எங்கள் ஊர் ஸ்டோக்கர்ஸ் அணியின் சம்பளக் கணக்கை ஒரு பச்சை நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அணியின் அலுவலகத்தில்கூட அவ்வளவு சுத்தமாக வைத்திருக்க மாட்டார்கள்.

"நாலு வருஷ ஒப்பந்தம், அம்பத்தாறு மில்லியன் டாலர். முப்பத்தொரு வயசு ஆட்டக்காரனுக்கு!" வெரா டீச்சர் பென்சிலால் நோட்டைத் தட்டினார். "நம்ம மேனேஜருக்குக் கூட்டல் தெரியுமா, தெரியாதா?"

"ரிக்கர் வெறும் ஆளா டீச்சர்? நம்ம ஆளு," என்றான் காஸ். "வேற யாரு குளிர்காலத்துல இந்த ஊர்ல தங்குறான்? எல்லாப் பயலும் ஃப்ளோரிடாவுக்கு ஓடிடுறான். இவன் இங்க வந்து வரிசைல நின்னு மீன் வாங்கித் திங்கிறான்."

"மீன் தின்னா சம்பள வரம்பு ஏறுமாடா? ஒரு அணி வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு லீக் கோடு போட்டிருக்கு. இவனுக்கு அள்ளிக் குடுத்தா, அந்த ரெண்டு சின்னப் பசங்களையும் வேற ஊரு தூக்கிட்டுப் போயிடும்."

"ரெண்டு வருஷம் பாப்போம். ஆடலேன்னா அனுப்பிட வேண்டியதுதான்."

"அனுப்பு! அனுப்பினாலும் பன்னிரண்டு மில்லியன் நம்ம கணக்குலயேதான் நிக்கும். ஆளு இருக்க மாட்டான். ஆனா அவன் இடம் காலியாகாது. நாமதான் சுமக்கணும்."

இதைக் கேட்டபோது நான் அறுபத்தேழாம் எண்ணைக் கூப்பிட வாயைத் திறந்திருந்தேன்.  தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காலியாகாத இடம் உண்டு. என் அண்ணன் ஸ்டாஷ். ஊர் லீக்கில் ஆடினான், ரிக்கர் ஆடும் அதே இடத்தில், கடைசிக் காவலாக. கால்களை விடத் தோளும் தலையும் அதிகம் பேசும் ஆட்டம் எங்களுடையது. கடைசிக் காவல்காரன் ஓடி வருகிறவனை நேருக்கு நேர் மோதி நிறுத்த வேண்டும். ஸ்டாஷ் நிறுத்தினான், ஒன்பது வருடம். பிறகு ஒரு நாள் கடைக்குப் போய் ஒரே மாலையில் மூன்று முறை பால் பாக்கெட் வாங்கி வந்தான். நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான், ஆனால் அரை நொடி தாமதமாக, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் டாக்டர் என்னிடம்தான் கேட்டார். மறதி உண்டா, தலைவலி உண்டா? ஸ்டாஷ் டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கான்" என்றேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மார்ச் மாத மாலையில், அவன் சிவப்புக் கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு பனி உறைந்த ஏரியில் எங்கள் மீன்பிடிக் குடிலைத் தேடி நடந்து போனான். மார்ச் பிறந்தால் ஏரிப் பனி இளகும்; அதற்குள் குளிர்காலக் குடில்களை ஏரியிலிருந்து இழுத்துக் கரையேற்றிவிட வேண்டும் என்பது சட்டம். எங்கள் குடிலை அவனும் நானும் சேர்ந்துதான் பத்து நாள் முன்பு இழுத்து வந்திருந்தோம். அது அவனுக்கு நினைவில்லை. இல்லாத குடிலை நோக்கி மெல்லிய பனிக்கட்டியின் மேல் நடந்தான்; அது உடைந்து ஏரி அவனை விழுங்கிக்கொண்டது. அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. ரிக்கர் அதற்கு அடுத்த வருடம்தான் இந்த ஊருக்கு வந்தார்.

ஐந்தரை மணிக்கு ரிக்கர் உள்ளே நுழைந்ததும் கூடமே கைதட்டியது. அவருக்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நாற்பத்தொன்று அவருடைய சட்டை எண். ஒவ்வொரு வெள்ளியும் நாற்பத்தொன்றாம் சீட்டை யாருக்கும் கொடுக்காமல் என் மைக்குக்கு மேல் ஓர் ஆணியில் மாட்டிவிடுவோம். அவர் வந்து அதை எடுத்து நீட்டினால் பொட்டலம் தயாராக இருக்கும்: வறுத்த மீன், உருளைக்கிழங்கு அடை, கோஸ் சாலட், கம்பு ரொட்டி.

"என்னப்பா, திங்கட்கிழமை கையெழுத்தாமே?" காஸ் எழுந்து அவர் முதுகில் தட்டினான்.

"டாக்டர் பாத்துட்டா கையெழுத்துதான் காஸ்."

"டாக்டர் என்னத்தப் பாக்குறது? காளை மாடு மாதிரி இருக்க. நீ ஒரு வார்த்தை சொல்லு, இந்த டீச்சர்கிட்ட."

"டீச்சர் சொல்றது சரிதான். நான் ரொம்ப விலை," என்றார் ரிக்கர். வெரா டீச்சரே சிரித்துவிட்டார். ரிக்கர் ஆணியிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

அதன்பின் காஸ் ஓட்டெடுப்பை ஆரம்பித்தான். நாளை காலை வானொலி விளையாட்டு நிகழ்ச்சிக்கு அவன் போன் போட்டு, எங்கள் கூடத்தின் முடிவு இது என்று அறிவிக்கப்போகிறானாம். பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் "இருக்கட்டும்" அல்லது "போகட்டும்" என்று எழுதி ஊறுகாய் ஜாடியில் போட வேண்டும். என் கையிலும் ஒரு சீட்டைத் திணித்தான்.

"நீயும் போடு யோலா. எண்ணி முடிச்சதும் நீதான் மைக்ல சொல்லணும்."

நான் பேனாவைத் திறந்தபோது வரிசையின் கடைசியில் ரிக்கர் நின்றுகொண்டிருந்தார். தோளில் புதிய பனி. வரிசை நகர நகர அவரும் பொறுமையாக நகர்ந்து வந்தார். என் முன்னால் வந்ததும் ஆணியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி போலருக்கே அக்கா," என்றார். "என் சீட்டை யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

பக்கத்து மேசை வெடித்துச் சிரித்தது.

"நாலு வருஷம் பத்தாதுன்னு ரெண்டு பொட்டலமா?" என்று கத்தினான் காஸ். "டீச்சர், இதையும் வரம்புல சேத்துக்குங்க!"

"சேத்துட்டேன். மீன் ஒண்ணு, அடை ரெண்டு," என்று டீச்சர் நோட்டில் எழுதுவதுபோல் காட்டினார்.

ரிக்கரும் சிரித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கண்கள் காஸிடம் போயின, பிறகு டீச்சரிடம், பிறகுதான் சிரிப்பு வந்தது. அரை நொடி.

நான் இன்னொரு பொட்டலத்தைக் கொடுத்தேன்.  அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த எண்ணையும் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே அவருடைய காரின் பின்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடமாகியும் கார் நகரவில்லை.

"காஸ், மைக்கைப் பிடி."

"எங்க போற? ஓட்டு எண்ணப் போறோம்!"

"வந்துடுறேன்."

இருட்ட ஆரம்பித்திருந்தது. வண்டி நிறுத்தும் இடம் சரிந்து சரிந்து ஏரியில்தான் முடியும். அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பது எனக்குப் பழகிப்போன வித்தை. காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரிக்கர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் இரண்டு பொட்டலங்கள், இரண்டும் திறக்கப்படாமல். அவற்றின் மேல் அவருடைய போன் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அவர் மனைவி சிமோனின் பெயர்.

கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"அக்கா, நல்லவேளை வந்தீங்க," என்றார். "உங்க குடிலு எது? இருட்டுல ஒண்ணும் தெரியல."

"எந்தக் குடிலு?"

"ஏரில. மீன் நல்லா கடிக்குது, நடந்தே வாங்கன்னு ஒருத்தர் கூப்பிட்டார். அதோ, அந்தக் கோடில நின்னார். வாட்டசாட்டமா இருந்தார், சிவப்புக் குல்லா. என் பேரு தெரிஞ்சிருந்தது. யோலா அண்ணன்னு சொன்னார்."

அவர் கை நீட்டிய பக்கம் நான் பார்த்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பார்த்தேன். பனி பெய்துகொண்டிருந்தது. சரிவின் முனையில் கரையேற்றப்பட்ட குடில்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரே வெள்ளை. யாரும் இல்லை. ஆனால் புதிய பனியில், கார் வரைக்கும் வந்து திரும்பிப் போன காலடித் தடங்கள் இருந்தன. அவை ரிக்கருடையவையாகவே இருக்கலாம். குனிந்து அளந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"குடிலெல்லாம் எடுத்தாச்சு," என்றேன். "அங்க ஒண்ணும் கிடையாது. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

அவர் பொட்டலங்களை மடியில் எடுத்துக்கொண்டு நகர்ந்தார், ஒரு கேள்வியும் இல்லாமல். அந்தப் பணிவுதான் என்னை அதிகம் உலுக்கியது. போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன்.

"சிமோன், நான் யோலா பேசுறேன். மீன் கூடத்துல இருந்து."



"எத்தனை தடவை வாங்கினார்?" என்றாள்.

"ரெண்டு."

"யாராவது கவனிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"சரி," என்றாள். "சரி. யோலா, திங்கட்கிழமை வரைக்கும். டாக்டர் பாத்துக் கையெழுத்தாயிட்டா முப்பது மில்லியன் உறுதி. அதுக்கப்புறம் அவர் ஆடினாலும் ஆடாட்டியும் யாரும் பிடுங்க முடியாது. இப்ப வெளிய தெரிஞ்சா பழைய ஒப்பந்தத்தையும் கிழிச்சுப் போட்டுடுவாங்க. மூணு பிள்ளைங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். யாராவது கேட்டா நல்லாத்தான் இருந்தார்னு மட்டும் சொல்லுங்க."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து போனதுதான். ஊரைச் சுற்றிவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறது.

"கையெழுத்துப் போட்டா நாலு வருஷம் ஆடச் சொல்லுவாங்க சிமோன். அவர் ஆடுவார். கூப்பிட்டா போறவர் அவர்."

"அது எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது.

"நான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே. டாக்டர் என்னைக் கேப்பார். பாத்தது அத்தனையும் சொல்லப் போறேன். நீங்க அங்க வந்துடுங்க."

"யோலா, தயவுசெஞ்சு... திங்கட்கிழமைக்கு அப்புறம்..."

"நீங்க என்னைத் திட்டுங்க. பிள்ளைங்களையும் திட்டச் சொல்லுங்க. வந்து திட்டுங்க."

போனை வைத்தேன். ரிக்கர் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் அங்கதான் நிக்கிறார்," என்றார் மெல்ல.

"நிக்கட்டும்," என்றேன். காரைப் பின்னோக்கி எடுத்தேன்.

அப்போதுதான் சமையலறைக் கதவுக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. காஸின் குரல், மகிழ்ச்சியில் இரண்டு மடங்கு சத்தமாக.

"நாற்பத்தொண்ணு! நாற்பத்தொண்ணு எங்கப்பா? எண்ணியாச்சு! நூத்தி முப்பதுக்கு ஒம்பது! நாங்க கையெழுத்துப் போட்டுட்டோம், நாலு வருஷம் நீ எங்க ஆளு! டீச்சரே மாத்திப் போட்டுட்டாங்கப்பா! உள்ள வா!"

பின்னால் கூடமே சேர்ந்து எண்ணைக் கூவத் தொடங்கியது, மேசையைத் தட்டிக்கொண்டு, மைதானத்தில் கூவுவதுபோல. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.

ரிக்கரின் முகம் மலர்ந்தது. மடியிலிருந்த பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். தோள்கள் இரண்டும் அகன்றன. கை கதவின் பிடிக்குப் போனது.

"என்னைத்தான் கூப்பிடுறாங்க அக்கா."

"ஆமா," என்றேன். "கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க."

கதவுகளைப் பூட்டும் பொத்தானை அழுத்தினேன். அவர் பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை. எழுதாத சீட்டு என் உள்ளங்கையில் கசங்கிக் கிடந்தது. நான் சாலைக்குத் திரும்பினேன்.