சிரித்தால்தான் பஞ்சு

படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடு தேடிப் போய்ப் புண் துடைத்துக் கட்டுப் போடுவது அந்தத் தொண்டு நிறுவனத்தின் வேலை. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் அதைச் செய்துவந்தாள். சீழோ நாற்றமோ அவளை முகம் சுளிக்க வைத்ததில்லை. சுளிக்க வைத்தது செயலாளர் கொடுத்த புது போன்தான்.

"இனிமே நோட்டுப் புத்தகம் வேண்டாம். கட்டுப் போட்டதும் நோயாளி முகத்தை ஒரு போட்டோ. சிரிச்ச முகமா இருந்தாத்தான் மெஷின் ஏத்துக்கும். ஏத்துக்கிட்டாத்தான் அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் பஞ்சு."

"முதுகு பூரா புண்ணு. எதுக்குங்க சிரிப்பாங்க?"

"நன்கொடை குடுக்கறவங்க அழுமூஞ்சியப் பாக்க மாட்டாங்கம்மா."

முதல் வீடு கொத்தனாருடையது. சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு வருடமாக மல்லாந்து கிடக்கிறவர். நர்ஸம்மா அவரைப் புரட்டி, தோள்பட்டைப் புண்ணோடு ஒட்டியிருந்த துணியை நனைத்து நனைத்து எடுத்தாள். மனிதர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். கட்டு முடிந்ததும் போனைத் தூக்கினாள். 'மகிழ்ச்சி போதவில்லை. மீண்டும் எடுக்கவும்' என்றது திரை. நாலு தடவை எடுத்தும் அதே பாட்டு.

"என்னக்கா சொல்லுது?" என்றாள் கொத்தனாரின் மனைவி. சொல்லவேண்டியதாயிற்று. அவள் குனிந்து புருஷனின் உதட்டோரங்களை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினாள். "இப்படிக் கொஞ்சம் சிரிச்சுத் தொலைங்க. இல்லேன்னா பஞ்சு வராதாம்."

அவர் ஈயென்று பல்லைக் காட்டினார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. 'நன்று' என்றது திரை.

நர்ஸம்மா போனைப் பைக்குள் திணித்தாள். வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒருவர் முகத்தையும் எடுக்கவில்லை. அலுவலகச் சுவரில் செயலாளர் விருதுக் கோப்பையும் கையுமாக இளித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பிடித்து, தான் போய்வரும் பதினெட்டு வீட்டுக்கும் அதையே ஏற்றினாள். பதினெட்டுக்கும் 'நன்று' விழுந்தது.

மாதக் கூட்டத்தில் செயலாளர் பூரித்துப்போனார். "நர்ஸம்மா நூத்துக்கு நூறு! எல்லாரும் கைதட்டுங்க."

"படத்தையெல்லாம் பாத்தீங்களா?"

"அதை மெஷின் பாத்துக்கும்."

"நீங்களும் கொஞ்சம் பாருங்க."

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இப்போதாவது மனுஷனுக்கு உறைக்கும் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகம் துளியும் வாடவில்லை.

"இதுல கொஞ்சம் குண்டாத் தெரியறேன். சரி விடுங்க, அறிக்கை போயாச்சு. இருந்துட்டுப் போகட்டும்."

போனை மேசைமேல் வைத்துவிட்டு நர்ஸம்மா எழுந்தாள். கூட்டத்திலிருந்த தொண்டர்கள் இரண்டு பேர் கூடவே எழுந்து வந்தார்கள். பதினெட்டு வீட்டையும் மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பஞ்சுக்கு அவள் தான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். கேட்டதில் பாதி கிடைத்தது. செயலாளரைத் தெருவில் பார்க்க நேர்ந்தால் மட்டும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.