நம்ம ஆளு

ஸ்டானிஸ்லாஸின் கார் கண்ணில் படுவதற்கு முன்பே தெருவுக்கு அதன் வரவு தெரிந்துவிடும். பின்பக்க இடது சக்கரத்திலிருந்து அப்படி ஒரு உறுமல். மெதுவாகப் போனால் முனகும், வேகம் பிடித்தால் அலறும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவன் வந்து இறங்கும்போது கோயில் வாசலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவன் அதைப் பார்க்காத மாதிரி கதவைச் சாத்துவான். குடகுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப் போன கார் அது. மைசூர் அரசாங்க அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா, அதுவும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவன், கார் வைத்திருப்பதே சிலருக்கு உறுத்தலாக இருந்தது. அந்தக் கார் அலறிக்கொண்டு வேறு வந்தால் கேட்கவா வேண்டும்.

இப்போது அதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டியிருந்தது. அவன் மனைவி மெட்டில்டாவின் அண்ணன் சூசைநாதனின் மகள் மோலிக்குக் கல்யாணம். கொள்ளேகாலத்தைத் தாண்டி, ஹனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் அவர்கள் ஊர். அங்கே மணப்பெண் மாட்டுவண்டியில்தான் கோயிலுக்குப் போவாள். "எம் பொண்ணு அவ அத்தை வூட்டு மோட்டார்ல போவா" என்று சூசைநாதன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். கல்யாணச் சாமான் வாங்க மைசூர் வந்தவன், மறுநாள் மகாராஜாவின் பிறந்தநாளான வர்தந்திக்கு விடுமுறை என்று தெரிந்ததும் தங்கிவிட்டான். "நானும் இருந்து ஒரு கை குடுத்துட்டுப் போறனுங் மாப்ள."

சக்கரத்தை அலறவைத்த பேரிங்குக்குப் பதிலாகப் புதியது பெங்களூரிலிருந்து ரயிலில் வந்திருந்தது. காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக ஸ்டானிஸ்லாஸுக்கு மனமில்லை. அந்த அலறலோடு பட்டணத்தின் நடுவே ஓட்டிப் போக வேண்டுமே. துரையின் டிரைவர் இதே வேலையைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம், வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

காலையில் பக்கவாட்டு முற்றத்தில் முன் சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்து, ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். ஸ்டானிஸ்லாஸ் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, அதன் உள்பக்கத்து ஸ்பிரிங் பட்டை மேல் உள்ளங்கையை வைத்தான். கரகரவென்று கை அதிர்ந்தது. சூசைநாதனும் வைத்துப் பார்த்தான்.

"இருமல்காரன் நெஞ்சாட்டம் இருக்குதுங்" என்றான்.

சக்கரம் சுலபமாக வந்தது. அச்சோடு இறுகியிருந்த ஹப் வரவில்லை. அதை இழுத்துக் கழற்ற இரவல் வாங்கி வந்த புல்லரை மாட்டி இருவரும் மாறி மாறி முறுக்கினார்கள். ஸ்டானிஸ்லாஸ் களைத்து உட்கார்ந்தபோது சூசைநாதன் சட்டையைக் கழற்றிப் போட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினான். படீரென்ற சத்தத்தோடு ஹப் கழன்றது. கூடவே அவனும் மல்லாந்து விழுந்தான். எழுந்தபோது முகத்தில் பாதி கிரீஸ். அடுப்பங்கரை ஜன்னலிலிருந்து மெட்டில்டா சிரித்தாள்.

உள்ளேயிருந்து தட்டி எடுத்த பழைய பேரிங்கின் குண்டுகளில் அம்மைத் தழும்பு போல் குழிகள். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்கள். புதுப் பேரிங்குக்குள் விரலால் அழுத்தி அழுத்திக் கிரீஸ் அடைத்தார்கள். அதைக் கோணாமல் இறக்குவதுதான் கஷ்டம். வெளி வளையத்தின் மேல் மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்ட வேண்டும்.

"கட்டையை ஹிடிங்க மச்சான்" என்று கன்னடம் கலந்து சொன்னான் ஸ்டானிஸ்லாஸ்.

சூசைநாதன் கையிலிருந்த சுத்தியலை ஓங்கி இறக்கினான். ஸ்டானிஸ்லாஸ் விரலை இழுத்துக்கொண்டது நூலிழையில்.

"என்ன மச்சான், பிடிக்கச் சொன்னா அடிக்கிறீங்க?"

"நீங்க இடின்னீங்க, இடிச்சேன். பிடிக்கிறதுன்னா பிடின்னு சொல்லோணும். மைசூர்த் தண்ணியக் குடிச்சுப் போட்டுத் தமிழெல்லாம் மறந்து போச்சு உங்களுக்கு."

இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

வந்தவர் நஞ்சுண்டையா, ஸ்டானிஸ்லாஸின் அலுவலக சூப்பரிண்டெண்டென்ட். ஜரிகைத் தலைப்பாகை, கையில் குடை, அரண்மனைப் பக்கம் போய்விட்டு வரும் களை. அவர் கெட்டவரல்ல. அலுவலகத்தில் ஸ்டானிஸ்லாஸைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிற ஒரே மேலதிகாரி அவர்தான். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒருநாள், தன் மனைவி வீட்டார் கொள்ளேகாலத்துப் பக்கம் பெரிய நிலச்சுவான்தார்கள் என்று ஸ்டானிஸ்லாஸ் சொல்லி வைத்திருந்தான். அவரும் அதை நான்கு பேரிடம் சொல்லியிருந்தார்.

"ஏன்ரீ, ரஜா தினானூ கெலசவா?" விடுமுறையிலும் வேலையா என்று கேட்டபடி முற்றத்துக்குள் வந்தவர், கிரீஸ் பூசிய முகத்தோடு வெற்றுடம்பாக நின்றவனைப் பார்த்தார். "யாரு இவனு?"

மச்சானைக் கன்னடத்தில் 'பாவ' என்பார்கள். அந்தச் சொல் ஸ்டானிஸ்லாஸின் நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"நம்ம ஆளு, சார்" என்றான்.

தமிழில் அதற்கு நம்மைச் சேர்ந்தவர் என்று பொருள். கன்னடத்தில் ஆளு என்றால் வேலைக்காரன். ஒரே சொல் ஒருவர் காதில் ஒன்றாகவும் மற்றவர் காதில் வேறாகவும் போய் விழுந்தது. சூசைநாதனின் முகம் கிரீஸுக்கு நடுவே மலர்ந்தது. நஞ்சுண்டையா தலையாட்டிவிட்டுப் பார்வையை எடுத்தார். தான் எந்த மொழியில் பேசினோம் என்பது ஸ்டானிஸ்லாஸுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"ஒள்ளே ஆளு" என்று சூசைநாதனின் தோள்களைப் பார்த்து மெச்சிய நஞ்சுண்டையா, தன் வீட்டுக் கொல்லையில் மழைக்கு விழுந்த மரம் அப்படியே கிடக்கிறது, பிளக்க ஆள் கிடைக்கவில்லை, இவனை நாளைக் காலையில் அனுப்ப முடியுமா என்று கன்னடத்தில் கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் குனிந்துகொண்டான். ஹப்பின் தோல் வளையத்தைத் துணியால் துடைத்துக்கொண்டேயிருந்தான். சந்தைக்குப் போய்வந்து பழகிய கன்னடத்தில் வீடு, நாளை, மரம் என்ற அளவுக்கு விளங்கிக்கொண்ட சூசைநாதன் கைகூப்பினான்.

"பர்த்தீனி, சாமி."

வருகிறேன் என்று அவன் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. குடை கேட்டைத் தாண்டிப் போனது.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள். சாமுண்டி மலைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாளும் அலறலில் அமுங்கிப்போன சின்னச் சின்ன ஓசைகளெல்லாம் கேட்டன. காற்று, டயரின் கீழ் சரளை, பக்கத்தில் இருப்பவனின் மூச்சு.

"மாப்ள" என்றான் சூசைநாதன், வெளியே பார்த்தபடி. "உங்க பெரிய ஆபீசர்கிட்டப் போயி என்னைய நம்ம ஆளுன்னு சொன்னீங்க பாருங், மனசு நெறஞ்சு போச்சு. நான் நின்ன கோலத்துக்கு வேற ஒருத்தரா இருந்தா முகத்தத் திருப்பியிருப்பாங்க."

சாலையின் இருபுறமும் மரங்கள் வந்து வந்து பின்னால் போயின. ஒவ்வொரு மரம் வரும்போதும், அதைத் தாண்டுமுன் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்தான். மரங்கள் தீர்ந்து வீடுகள் வந்தன. வீடுகளுக்கு நடுவே அதைச் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை சூசைநாதன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தங்கையிடம் கேட்டு ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டான்.

"மரம் பொளக்கவா இந்தக் கோலம்?" என்றாள் மெட்டில்டா.

"கை ஒதவின்னு கூப்புட்டிருக்காரு, போயி மொதல்ல கல்யாணத்துக்கு அழைச்சுப் போடோணும். அப்பறம் சட்டையக் கழட்டிக்கலாம். மாப்ளயோட ஆபீசரு, வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

கண்ணாடி முன் முகம் மழித்துக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸின் கை நின்றது. கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து இறுகியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பிறகும் அவன் வெகுநேரம் அப்படியே நின்றான். மச்சானைப் போகவிட்டது தான்தான் என்று கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கும் தெரிந்திருந்தது. ஒருவழியாக முகத்தைக் கழுவி, அலுவலகக் கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தான்.

முன்பு போல் அலறியிருந்தால் அந்தத் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். இன்று கார் நஞ்சுண்டையாவின் கொல்லைச் சுவர் ஓரமாகப் போய் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளைச் சட்டை ஒரு மாமரக் கிளையில் தொங்கியது. வாழைப்பழச் சீப்பு மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் வெற்றிலையோடு தரையில் இருந்தது. வேலைக்கு வந்தவன் எதற்கு இதெல்லாம் கொண்டுவந்தான் என்று யாரோ அங்கேயே வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். நஞ்சுண்டையாவின் மனைவி கௌரம்மா செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்ற, சூசைநாதன் குனிந்து இரு கைகளையும் குவித்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

குடித்து நிமிர்ந்தவன் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நம்ம யஜமானரு பந்தரு, அம்மா" என்று மாப்பிள்ளை வந்ததைக் கௌரம்மாவிடம் சொன்னான்.

யஜமானர் என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள்தான்.

ஸ்டானிஸ்லாஸ் கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே போனான். "அம்மா, இவர் எனக்கு பாவ. என் மனைவியின் அண்ணன்" என்று கன்னடத்தில் சொன்னான். கடைசியில் சொல்லியேவிட்டான்.

கௌரம்மாவின் கையிலிருந்த செம்பு பாதியில் நின்றது. கோட்டுக்காரனையும் வெற்றுடம்புக்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிய தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

சூசைநாதன் சிரித்தான். "யஜமானருக்குப் பெரிய மனசு, அம்மா. வீட்டு ஆளையெல்லாம் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்" என்று தட்டுத்தடுமாறிய கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்தான். அந்தச் சிரிப்பு கௌரம்மாவையும் தொற்றிக்கொண்டது. நிம்மதியோடு உள்ளே போனாள்.

ஸ்டானிஸ்லாஸ் பிளந்த விறகுகளைப் பொறுக்கக் குனிந்தான்.

"கோட்டு அழுக்காயிருமுங்" என்றான் சூசைநாதன், அவன் பக்கம் பார்க்காமல். "ஒத்துக்கிட்ட வேல. நான் முடிச்சுப் போட்டு வர்றேன்."

ஸ்டானிஸ்லாஸ் காரில் போய் உட்கார்ந்தான். கோடாலி விழுந்து எழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அது ஓய்ந்தபின், சட்டை போட்டுக்கொண்டு வந்த சூசைநாதன் முன் கதவைத் தொடவில்லை. பின் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

"ஆபீசர் வூட்டுல எப்படிக் கவனிச்சாங்க?" என்று கேட்டபடி மெட்டில்டா சோறு போட்டாள்.

"அதுக்கென்ன, நல்ல மனுசங்க" என்றான் சூசைநாதன். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், ஏதோ மறந்து போனதைச் சொல்வது போல, "தங்கச்சி, மோலிக்கு மாட்டு வண்டியே போதும். மோட்டார் வேண்டாம். நீயும் மாப்ளயும் பஸ்ல வந்துருங்க. கட்டாயம் வரோணும்" என்றான்.

மெட்டில்டாவின் கையில் கரண்டி நின்றது. "என்னண்ணா இது? அந்த மோட்டாருக்குத்தான நேத்தெல்லாம் ரெண்டு பேரும் உருண்டு பொரண்டீங்க? ஊர் பூரா சொல்லியாச்சுன்னீங்களே."

சூசைநாதன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அண்ணன் என்ன சொல்றாரு?"

தான் வாயைத் திறக்காவிட்டால் சூசைநாதன் இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவான் என்று ஸ்டானிஸ்லாஸுக்குத் தெரிந்தது. வண்டிப் பாதை சரியில்லை என்பான், மாப்பிள்ளை வீட்டார் ஒருமாதிரி என்பான். அவள் நம்பிவிடுவாள். அதற்குப் பிறகு தன் காலம் முழுவதும் இந்த மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பான்.

"நேத்து நஞ்சுண்டையா வந்தார் இல்லையா" என்று ஆரம்பித்தான். "அவர்கிட்ட நான் ஒண்ணு சொன்னேன்."

சூசைநாதன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு, கை கழுவுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனான்.